கழற்றிப் பார்த்தால் கார்டே இருக்காது!

பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்தபடியே நான் எழுதுகிற பகுதி இது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லேப்டாப் கிராபிக்ஸ் (திரையில் வரும் படத்தை உருவாக்கும் பகுதி) பற்றியவை. அதனால் பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மகள் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு 2022-இல் வாங்கிய லேப்டாப், இன்டெல் ஐ5-1135ஜி7, 8 ஜிபி ரேம். ஸ்கெட்ச்அப் என்ற 3டி வரைகலை மென்பொருளில் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தாலே திணறுகிறது. ரெண்டர் (வரைந்த மாடலை நிஜப் படம் போல ஆக்குவது) போட்டால் விடிய விடிய ஓடுகிறது. ஒரு கடையில் 18,000 ரூபாய் கொடுத்தால் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா?
— ஒரு தந்தை, ஈரோடு

கொடுத்துவிடாதீர்கள். கார்டை எந்த ஸ்லாட்டில் செருகப் போகிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள், போதும். அவர்களால் காட்ட முடியாது. உங்கள் மகளின் லேப்டாப்பில் அப்படி ஒரு ஸ்லாட்டே கிடையாது.

டெஸ்க்டாப்பில் பழைய கார்டைப் பிடுங்கி, புதியதைச் செருகி, ஒரு ஸ்க்ரூவை முடுக்கினால் வேலை முடிந்தது. அதே நினைப்பில்தான் லேப்டாப்புக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். போனில் கேட்டிருந்தால், டெஸ்க்டாப் என்று நினைத்து விலை சொல்லியிருக்கலாம். நேரில் லேப்டாப்பைப் பார்த்துவிட்டும் அதையே சொன்னார் என்றால் வேறு கடை பாருங்கள்.

லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கும், உங்களுடையது இது. இன்னொன்று, என்விடியா அல்லது ஏஎம்டி சிப் ஒன்று தனியாக இருக்கும். அதையும் கழற்ற முடியாது. அடி மூடியைத் திறந்து, சூட்டை வெளியேற்றும், செம்புக் குழாய் ஓடும் ஹீட் சிங்கை எடுத்துவிட்டுப் பார்த்தால், மதர்போர்டின் மேலேயே பளபளப்பான ஒரு சதுரம் தெரியும். அதுதான் சிப். சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் கறுப்புச் சில்லுகள் வீடியோ மெமரி. சிப்புக்கு அடியில் கடுகைவிடச் சிறிய சால்டர் குண்டுகள் நூற்றுக்கணக்கில் உருகிப் போர்டோடு ஒட்டியிருக்கும். இதைத்தான் நாங்கள் பிஜிஏ என்கிறோம். பல மாடல்களில் சிப்பின் நான்கு மூலையிலும் பசை வேறு வைத்திருப்பார்கள்.

“இதே மாடலில் என்விடியா போட்டதும் விற்கிறார்களே, அந்தச் சிப்பை மட்டும் வாங்கி ஒட்டக் கூடாதா?” என்று அடுத்துக் கேட்பீர்கள். கேட்காதவர் இல்லை. அந்த மாடலில் சிப்புக்கு மின்சாரம் கொடுக்கத் தனிக் காயில்கள், மாஸ்ஃபெட்டுகள் இருக்கும். உங்கள் போர்டில் அவை இருக்காது. ஹீட் சிங்கில் ஒரு குழாய் கூடுதலாக ஓடும், ஃபேனும் பெரும்பாலும் இரண்டு. சார்ஜர் உங்களுடையது 65 வாட் என்றால் அதற்கு 135 வாட்டோ அதற்கு மேலோ வேண்டும். லேப்டாப்பை முதலில் எழுப்பும் பயாஸ் என்ற மென்பொருளும் வேறு. போர்டு, ஹீட் சிங்க், ஃபேன், சார்ஜர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் பழைய ஸ்கிரீனும் கீபோர்டும்தான் மிஞ்சும். அந்தக் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பே வாங்கிவிடலாம்.

சரி, பிள்ளைக்கு என்ன செய்வது? உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது பிராசசரின் பெயரும் அந்த 8 ஜிபியும்தான். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். ‘இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ’ என்று இருக்கிறதா, ‘இன்டெல் யுஎச்டி’ என்று இருக்கிறதா? இந்தப் பிராசசருக்குள் இருப்பது ஐரிஸ் எக்ஸ்இ. ஆனால் ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் விண்டோஸ் அதை வெறும் யுஎச்டி என்றுதான் காட்டும். ரேமுக்கான இரண்டு சேனலும் (பாதையும்) நிரம்பியிருந்தால்தான் ஐரிஸ் என்ற பெயர் என்பது இன்டெல் வைத்திருக்கும் நிபந்தனை. இரண்டாவது ஸ்டிக்கைப் போட்டு ஆன் செய்தால் பெயர் தானாக மாறும். வாடிக்கையாளர் முன்னாலேயே இதைச் செய்து காட்டினால், கார்டு போட்டுவிட்டேன் என்றே சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்!

மாறுவது பெயர் மட்டும் இல்லை. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது; உங்கள் ரேமில்தான் பங்கு கேட்கும். டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒன்று இருந்தால் அதற்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு இருந்தால் 51.2. ஒப்பிட்டுப் பார்க்க: என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 1650 சிப்புக்கே சொந்த மெமரி வேகம் நொடிக்கு 128 ஜிபி. அதனால் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மாடலைச் சுற்றும்போது வரும் திணறல் நன்றாகவே குறையும். 8 ஜிபியில் விண்டோஸும் குரோமும் ஸ்கெட்ச்அப்பும் சேர்ந்து நெருக்கும் பிரச்சினையும் தீரும்.

வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி போய், எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய லேப்டாப்புகள் சிலவற்றில் ரேமையும் போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குவதே நல்லது. ரேம் விலை வேறு இப்போதெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கிறது.

ரெண்டர் விஷயம் வேறு. ஸ்கெட்ச்அப்பிலும் ஆட்டோகேடிலும் வரைகிற வேலை பெரிதும் பிராசசரின் ஒரு கோரை (உள்ளே இருக்கும் பல மூளைகளில் ஒன்றை) நம்பியே நடக்கிறது. லூமியன் மாதிரி ரெண்டர் மென்பொருளுக்குத்தான் கனமான கிராபிக்ஸ் வேண்டும். அதை இந்த லேப்டாப்பில் ஓட்ட நினைக்க வேண்டாம். இது ஐந்தாண்டுப் படிப்பு. தீசிஸ் சமயத்தில் ரெண்டர் வேலை இன்னும் கூடும். 18,000 கையில் இருக்கிறது என்றால் ஒரு பங்கை ரேமுக்குப் போடுங்கள். மீதியோடு கொஞ்சம் சேர்த்து, வீட்டில் ஒரு அசெம்பிள் டெஸ்க்டாப் வைக்கப் பாருங்கள். கல்லூரிக்கு லேப்டாப், ராத்திரி ரெண்டருக்கு டெஸ்க்டாப். பின்னால் கார்டை மாற்ற ஆசை வந்தால் அந்த டெஸ்க்டாப்பில் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.

பயாஸில் கிராபிக்ஸ் மெமரியை 512 எம்பியிலிருந்து 2 ஜிபி ஆக்கினால் வேகம் கூடுமா?
— வாசகர், தேனி

கூடாது. ரேமில் 2 ஜிபியை கிராபிக்ஸ் பெயருக்கு எழுதி வைக்கிறீர்கள், அவ்வளவுதான். தேவைப்பட்டால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும். சில கேம்கள் ‘மெமரி போதாது’ என்று சொல்லித் திறக்கவே மறுக்கும். அப்போது மட்டும் உதவும். 8 ஜிபிதான் இருக்கிறது என்றால் மாற்றாமல் இருப்பதே மேல்.

என் லேப்டாப்பில் ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது. வாங்கிய புதிதில் நன்றாக ஓடிய கேம் இப்போது பத்து நிமிடத்தில் தடுமாறத் தொடங்கிவிடுகிறது. கார்டு பழசாகிவிட்டதா? மாற்றலாமா?
— கல்லூரி மாணவர், திருப்பூர்

தம்பி, மாற்ற முடியாது என்பதை மேலே படித்திருப்பீர்கள். மாற்றத் தேவையும் இல்லை. ஊர் பெயரைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. முதலில் ஓடி, சூடேறிய பிறகு தடுமாறினால் சிப்பில் கோளாறு இருக்கும் வாய்ப்பு குறைவு. சூடு வெளியேற வழியில்லாமல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

பனியன் கம்பெனி இருக்கும் தெருவிலிருந்து வருகிற லேப்டாப்பைத் திறந்தால், பஞ்சுத் தூசி ஃபேனுக்குள் இருப்பதைவிட ஃபேனுக்கும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் அதிகம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகவே தெரியும். ஃபேனைக் கழற்றி எடுத்த பிறகுதான், தகடுகளின் வாயை அடைத்துக்கொண்டு சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று நிற்பது தெரியும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே பட்டையாக வரும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் இது போகாது, இன்னும் இறுகும். ஃபேன் கண்டபடி சுழன்று பேரிங்கும் கெடும். கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

கழற்றும்போதே, சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். காய்ந்த பேஸ்ட் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். மெமரிச் சில்லுகளின் மேல் இருக்கும் ரப்பர் மாதிரியான பேட்களைப் பிய்த்துவிடாமல், இருந்த இடத்திலேயே இருந்த தடிமனிலேயே திருப்பி வைக்க வேண்டும். அந்தப் பேட்டுக்குப் பதிலாகப் பேஸ்ட்டை அப்பிவிடுகிற கடைகள் உண்டு. கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. சார்ஜர் செருகாமல் விளையாடினால் எந்தக் கேமிங் லேப்டாப்பும் நொண்டும். பேட்டரியால் அத்தனை வாட் கொடுக்க முடியாது. சார்ஜர் போட்டும் மந்தமாக இருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்ற பகுதியில் அந்தக் கேமுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுத்திருக்கிறதா பாருங்கள். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸ் சில சமயம் இன்டெல் பக்கமே ஓட்டிக்கொண்டிருக்கும். என்விடியா சும்மா உட்கார்ந்திருக்கும்.

லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டை மாற்றவே முடியாது என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் ரீஃபர்பிஷ்டு டெல் பிரெசிஷன் எம்6700 வைத்திருக்கிறேன். அதில் என்விடியாவின் குவாட்ரோ கே3000எம் கார்டு கழற்றுகிற மாதிரிதானே இருக்கிறது?
— வீடியோ எடிட்டர், மதுரை

உங்களிடம் இருப்பது விதிவிலக்கு. நீங்கள் சொல்வது சரி. எம்எக்ஸ்எம் என்று ஒரு வடிவம் இருந்தது. லேப்டாப்புக்குள்ளும் கழற்றி மாட்டும் கார்டு வேண்டும் என்று என்விடியா 2004 வாக்கில் கொண்டுவந்தது. சின்ன அளவு 82-க்கு 70 மில்லிமீட்டர், பெரியது 82-க்கு 105. டெல் பிரெசிஷன், எச்பியின் 8770டபிள்யூ, இசட்புக் 17, பழைய ஏலியன்வேர், எம்எஸ்ஐயின் தடித்த ஜிடி வரிசை, கிளெவோ பெட்டிகள் ஆகியவற்றில் பார்த்திருக்கலாம்.

வடிவம் ஒன்றுதான் என்றாலும் எந்தக் கார்டையும் எதிலும் போட்டுவிட முடியாது. ஸ்க்ரூ துளை பொருந்தும், சிப்பின் உயரம் பொருந்தாது. ஹீட் சிங்க் மேலே தொடாமல் நிற்கும். வேறு கம்பெனிக்குச் செய்த கார்டில் வீடியோ பயாஸ் வேறாக இருக்கும். ஃபேன் சுற்றும், ஸ்கிரீன் வராது. பாதுகாப்பான வழி, அதே லேப்டாப்போடு கம்பெனியே விற்ற பெரிய கார்டைப் போடுவதுதான். உங்கள் எம்6700-க்கு கே4000எம், கே5000எம் இரண்டும் வந்தன. கே3000எம் 75 வாட், மற்றவை 100 வாட். ஹீட் சிங்கையும் அந்தக் கார்டுக்கு உரியதாகவே வாங்க வேண்டும்.

போட முடியும். ஆனால் நானாக இருந்தால் போட மாட்டேன். இவை எல்லாம் என்விடியாவின் கெப்லர் என்ற பழைய சிப் தலைமுறை. 2021-க்குப் பிறகு என்விடியாவின் புதிய டிரைவர்களில் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) கெப்லருக்கு இடமில்லை. பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. உங்கள் எடிட்டிங் மென்பொருளின் அடுத்த பதிப்பு புது டிரைவர் கேட்டால் கே5000எம்-மும் கே3000எம்-மும் ஒன்றுதான். இந்தக் கார்டுகள் பழைய லேப்டாப்புகளிலிருந்து பிடுங்கியவையாகத்தான் வரும். எத்தனை வருடம் சூட்டில் வெந்தது என்று யாருக்குத் தெரியும்?

எம்எக்ஸ்எம் ஏன் போனது என்றால், லேப்டாப் மெலிந்ததுதான் முக்கியக் காரணம். கார்டும் கனெக்டரும் சேர்ந்து தடிமன் கேட்கும். அதன் பிறகும் முயற்சி நடந்தது. டெல் 2019-இல் ஏலியன்வேர் ஏரியா-51எம் லேப்டாப்பை, கிராபிக்ஸை மேம்படுத்தலாம் என்று சொல்லி விற்றது. தனக்கென்றே டிஜிஎஃப்எஃப் என்று ஒரு கார்டு வடிவம் வைத்தது. 2021-இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை லேப்டாப்புகளுக்கு வந்தபோது இதற்குப் பொருந்தும் கார்டு வரவில்லை. அமெரிக்காவில் வழக்கு வரை போனது. சொன்னதைச் செய்து காட்டியது ஃப்ரேம்வொர்க் என்ற சிறு நிறுவனம். அதன் 16 அங்குல லேப்டாப்பில் கிராபிக்ஸ் பகுதி பின்பக்கம் தனிப் பெட்டியாகக் கழன்று வரும். முதலில் ஏஎம்டியின் ரேடியான் 7700எஸ் கொடுத்தார்கள். 2025-இல் அதே லேப்டாப்பில் மாட்டுகிற ஆர்டிஎக்ஸ் 5070-ஐ அறிவித்தார்கள். விலையைப் பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

தண்டர்போல்ட் என்ற வேகமான கேபிள் இணைப்பு வழியாக டெஸ்க்டாப் கார்டை வெளியே வைத்து இணைக்கலாம் என்கிறார்களே, அது நடக்குமா?
— ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

நடக்கும். இன்றைக்குச் சாதாரண லேப்டாப்பில் கிராபிக்ஸைக் கூட்ட உருப்படியான வழி என்றால் இது ஒன்றுதான். எனக்கு இதில் பிடிக்காதது கணக்கு மட்டும்.

தண்டர்போல்ட் 3, 4 இரண்டும் நொடிக்கு 40 ஜிகாபிட். அதில் கார்டுக்குப் போவது அதிகபட்சம் 32. அதே கார்டை டெஸ்க்டாப்பின் பிசிஐ 4.0 ஸ்லாட்டில் போட்டால் ஏறக்குறைய 256 கிடைக்கும். எட்டில் ஒரு பங்கு பாதை! அதற்காக வேகமும் எட்டில் ஒன்றாகிவிடாது. வேலைக்கு வேலை மாறும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு காட்சியை ஏற்றிவிட்டு மணிக்கணக்கில் ரெண்டர் செய்கிறவருக்கு இழப்பு பெரிதாகத் தெரியாது. நொடிக்கு நூறு ஃபிரேம் கேட்கும் கேமில் நன்றாகவே அடிபடும். படத்தை லேப்டாப் ஸ்கிரீனுக்கே திருப்பி அனுப்பினால் போன வழியே திரும்ப வர வேண்டும், இன்னும் குறையும். கார்டிலேயே நேராக ஒரு மானிட்டரைச் செருகிவிடுங்கள்.

டைப்-சி ஓட்டை இருப்பதெல்லாம் தண்டர்போல்ட் ஆகாது. பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா பாருங்கள். ஏஎம்டி லேப்டாப் என்றால் யுஎஸ்பி4 இருக்க வேண்டும்; அது ரைசன் 6000 வரிசைக்குப் பிறகுதான் வரத் தொடங்கியது. ஆப்பிளின் எம்1 முதலான சிப் உள்ள மேக்புக் என்றால் மறந்துவிடுங்கள், அதில் வெளிக் கார்டு வேலை செய்யாது. எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு அந்த எம்.2 ஸ்லாட்டிலிருந்து கேபிள் இழுத்து, ஆக்யூலிங்க் என்ற இணைப்பில் வெளிக் கார்டைப் போடுகிறவர்களும் உண்டு. வேகம் தண்டர்போல்ட்டைவிடக் கூடுதல். அடி மூடி திறந்தே கிடக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். வெளிப் பெட்டி, பவர் சப்ளை, கார்டு, மானிட்டர் நான்கும் வாங்க வேண்டும். இதோடு ஒரு மதர்போர்டு, பிராசசர், ரேம், கேபினட் சேர்த்தால் முழு டெஸ்க்டாப்பே வந்துவிடும். அதில் பாதையும் குறையாது. பகலில் ஆபீஸுக்கு மெல்லிய லேப்டாப், வீட்டுக்கு வந்தால் ஒரே கேபிள், எல்லா ஃபைலும் ஒரே இடத்தில் என்ற வசதிக்குக் காசு கொடுக்கத் தயார் என்றால் மட்டும் இறங்குங்கள்.

ஸ்கிரீனில் கோடு கோடாக வருகிறது. கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, ரீபால் செய்தால் சரியாகும் என்கிறார்கள். நம்பலாமா?
— ஆசிரியை, விருதுநகர்

முதலில் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துப் பாருங்கள், அம்மா. டிவியில் கோடு இல்லை என்றால் கோளாறு ஸ்கிரீனிலோ அதற்குப் போகும் கேபிளிலோதான். சிப்பைத் தொட விடாதீர்கள்.

டிவியிலும் கோடு வந்தால் சிப்பைச் சந்தேகிக்கலாம். ரீபால் என்பது சிப்பைச் சூடாக்கி எடுத்து, அடியில் உள்ள பழைய குண்டுகளைத் துடைத்துவிட்டுப் புதிய குண்டுகளை வைத்து மறுபடி ஒட்டுவது. ஈயம் கலக்காத சால்டர் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். கீழிருந்தும் மேலிருந்தும் மெல்ல மெல்லச் சூடேற்றும் மெஷின் இல்லாமல், ஹாட் ஏர் கன்னை மட்டும் காட்டி அனுப்பினால் போர்டே வளைந்துவிடும்.

நன்றாகச் செய்தாலும் பலன் நிச்சயமில்லை. கோளாறு பல சமயம் அந்தக் குண்டுகளில் இருக்காது, சிப்புக்குள் சிலிக்கானையும் அதன் அடித்தட்டையும் சேர்க்கும் நுண்ணிய இணைப்புகளில் இருக்கும். 2008-இல் என்விடியா தன் பழைய லேப்டாப் சிப்கள் பழுதாவதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியதே, அங்கே பிரச்சினை இந்த மாதிரி இடத்தில்தான். சூடு பட்டதும் சில வாரம் உயிர் வரும், பிறகு திரும்பப் போகும். ரீபால் செய்வதானால் அதே சிப்பையே திருப்பி ஒட்டுகிறார்களா, புதுச் சிப் போடுகிறார்களா என்று கேளுங்கள். புதுச் சிப் என்றால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் எழுத்தில் வாரன்டி கொடுத்தால்.

அதற்கும் முன்னால் செலவில்லாத ஒரு வழி உண்டு. இன்டெல் கிராபிக்ஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப் என்றால், டிவைஸ் மேனேஜரில் தனிச் சிப்பை டிசேபிள் செய்து பாருங்கள். கோடு நின்றுவிட்டால் பாடக் குறிப்பு, மார்க் ஷீட், ஆன்லைன் வகுப்பு எல்லாம் இன்டெல்லிலேயே ஓடும்.

புதிதாக வாங்கும்போதே சரியாகப் பார்த்து வாங்க என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், தஞ்சாவூர்

பின்னால் மாற்ற முடியாது என்பதால் கிராபிக்ஸுக்குக் காசை முதலிலேயே போடுங்கள். ரேமையும் எஸ்எஸ்டியையும் பிறகு கூட்டிக்கொள்ளலாம், ஸ்லாட் இருந்தால்.

சிப்பின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் லேப்டாப்புக்கு லேப்டாப் 35 முதல் 115 வாட் வரை வைக்க என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. 35 வாட்டில் ஓடுவதும் 115 வாட்டில் ஓடுவதும் ஒன்றாக முடியுமா? டெஸ்க்டாப் பெயரோடும் ஒப்பிட வேண்டாம். டெஸ்க்டாப் 4090 என்றால் 450 வாட், 24 ஜிபி மெமரி. அதே பெயரில் லேப்டாப்புக்குள் வருவது 16 ஜிபி, வாட்டில் பாதி கூடக் கிடையாது. கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் டிஜிபி (கிராபிக்ஸுக்குக் கொடுக்கும் மொத்த வாட்) என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். விற்கிற பையனுக்கு அது தெரியவில்லை என்றால் பெட்டியில் உள்ள சார்ஜரின் வாட்டைப் பாருங்கள். 230 வாட் சார்ஜர் கொடுத்தவன் உள்ளேயும் ஏதோ கொடுத்திருப்பான்.